கச்சான் சுருளில் வந்த கொடியேற்றம்

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் செய்தித்தாளுக்கு நான் ஆசிரியரானது ஒரு தண்டனையின் பேரில்.

கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு சிறு செய்தி எழுதியிருந்தேன். பங்குத்தந்தை கபிரியேல் சுவாமியின் ஞாயிற்றுப் பிரசங்கம் நாற்பத்தேழு நிமிடம் நீடித்தது. அது தொடங்கும்போது நல்லூரில் சைக்கிள் ஏறிய ஒருவர், அது முடியும்போது நீர்வேலியில் இரண்டாவது தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். இவ்வளவுதான். கீழே என் பெயரைப் போடவில்லை. ஆனாலும் சுவாமி என்னைத்தான் தன் இருப்பிடமான அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். கோபிக்கவில்லை. நேரத்தை இவ்வளவு கவனமாகக் குறிக்கத் தெரிந்தவன் பங்குக்குப் பயன்படுவான் என்றார். 1992ஆம் ஆண்டு யூனிலிருந்து மாதம் ஒரு தாள் நான் எழுத வேண்டும், அறைவீட்டில் பிரதி எடுக்கிற ரோணியோ மெஷினில் நானே அடிக்க வேண்டும், நானே விநியோகிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

எங்களுடையது நல்லூருக்குத் தெற்கே உள்ள சிறிய கோயில். எழுபது குடும்பம். எழுபது குடும்பத்துக்குள் என்ன செய்தி நடக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் பாடகர் குழுவைப் பார்த்ததில்லை. என் முதல் இதழில் நான்கு செய்திகள் இருந்தன. ஒன்று: ஞாயிறு திருப்பலி காலை ஆறு மணிக்கு, குண்டு விமானம் வந்தால் விமானம் போன பிறகு. இரண்டு: மெழுகுதிரியின் அடித்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவும், விளக்கம் கேட்கப்பட மாட்டாது. மூன்று: ஹார்மோனியத்துக்குள் எலி குடியிருப்பதால் ஒத்திகை வாய்ப்பாட்டாகவே நடைபெறும். நான்காவதைச் சுவாமி வெட்டிவிட்டார்.

யூலை இதழுக்கு நான்காவது செய்தியைச் சுவாமியே சொன்னார். அது குதிரையைப் பற்றியது.

இரண்டு வருடத்துக்கு முன், தீவுப்பக்கத்தில் ஊரிக்கரை என்ற ஊர் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஒரே நாளில் எழும்பி வள்ளங்களில் வந்தது. வந்தவர்கள் சட்டி பானைகளை விட்டுவிட்டு, தங்கள் பாதுகாவலரான புனிதர் சந்தியோகுமையோரின் சொரூபத்தைக் கொண்டுவந்தார்கள். சந்தியோகுமையோர் சும்மா நிற்கிற அர்ச்சிஷ்டவர் அல்லர். குதிரையில் இருப்பவர். கையில் ஓங்கிய வாள். கடலில் வந்தபோது குதிரையின் முன்கால் ஒன்று முறிந்துவிட்டது. எங்கள் கோயிலின் இடது மூலையில், முறிந்த காலுக்குக் கீழே மூன்று செங்கல்லை அடுக்கி, அவரை இருத்தினோம். வாள் நேரே, சுவாமி இருந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிற தொட்டியைப் பார்த்து ஓங்கியிருந்தது. அந்த ஆண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வருவோர் தொகை குறைந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

ஊரிக்கரை வள்ளங்கள் வேறு வேறு கரையில் ஒதுங்கியிருந்தன, இங்கே வந்தவர்களும் மெல்ல மெல்லச் சிதறினார்கள். யாரோ அளவெட்டிக்குப் போனார்கள், யாரோ பருத்தித்துறைக்கு, யாரோ கொழும்புக்கு. சந்தியோகுமையோருடன் மிஞ்சியவர் பெர்னடெட் அக்கா. பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் சேலையால் மறைத்த ஒரு மூலையில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். பின்னேரங்களில் வந்து குதிரையின் தூசு தட்டுவார். அவரிடம் ஒரு அப்பியாசக் கொப்பி இருந்தது. ஊரிக்கரையின் இருநூற்றுப் பத்துக் குடும்பத்தின் பெயரும் ஒழுங்கை ஒழுங்கையாக, வீட்டு வரிசைப்படி, அதில் எழுதியிருந்தது. பெயருக்கு எதிரே இப்போது இருக்கிற இடம். பதினொரு பெயருக்கு எதிரேதான் இடம் இருந்தது. மற்றவை வெறுமை.

பங்குச்சபைக்குக் குதிரை நின்ற மூலை தேவைப்பட்டது. ஹார்மோனியத்தை எலிக்கு எட்டாத ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்பது சபையின் நிலைப்பாடு. செயலாளர் மத்தியாஸ் மாஸ்டர் கூட்டத்தில் எழும்பி, பதினொரு குடும்பத்துக்கு ஒரு குதிரை அதிகம் என்று சொன்னார். பட்டணத்தில் ஒரு களஞ்சிய அறையில் இடம் கேட்டு வைத்தாயிற்று. சுவாமிக்கு மனம் இல்லை. ஐம்பது குடும்பமாவது வந்து வணங்குகிற சொரூபம் என்றால் தான் சபையோடு கதைப்பேன் என்றார். பதினொன்றை வைத்துக்கொண்டு என்ன கதைப்பது? பெர்னடெட் அக்கா தவணை மட்டும் கேட்டார். யூலை 25 சந்தியோகுமையோரின் திருநாள். அது கழியட்டும் என்றார். கொடுத்தார்கள். 26ஆம் திகதி ஞாயிறு, பூசை முடிந்ததும், வண்டில் வரும் என்று முடிவாயிற்று. அதைத்தான் நான் நான்காவது செய்தியாக எழுத வேண்டும்.

நான் எழுதுவதற்கு முன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். ஒரு குதிரை களஞ்சியத்தில் இருந்தால் என்ன, கோயிலில் இருந்தால் என்ன என்கிற மாதிரி ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அவர் துணியை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எங்கடை ஆக்கள் ஆரையாவது ஆரும் தேடி வாறதெண்டால் எங்கை வருவினம்? இந்தக் குதிரையடிக்குத்தான். இதையும் பூட்டி வைச்சால் ஊரிக்கரை எண்டு சொல்ல இந்தக் கொப்பிதான் மிச்சம்."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. ஆகவே, இதழ் அடிக்கக் கடுதாசி இருக்கிறதா என்று கேட்டேன்.

கடுதாசிதான் அப்போது பெரிய பிரச்சினை. வெள்ளைத்தாள் என்பது தடைசெய்யப்பட்ட பொருட்களோடு சேர்ந்து கேள்விப்படுகிற பொருளாகிவிட்டது. அக்கா குதிரைக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு தாள் கட்டை எடுத்துத் தந்தார். இருநூறு தாள் இருக்கும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. 1987 திருநாளுக்கு ஊரிக்கரையில் அச்சடித்த பிரசுரங்கள். அந்த யூலையில் திருநாள் நடக்கவில்லை. ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லாத சண்டைக்கால யூலை அது. பிரசுரங்களைச் சொரூபம் ஆடாமல் அண்டை கொடுக்கப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தார்கள். அப்படியே வந்து சேர்ந்துவிட்டன.

அச்சுப் பக்கத்தை வாசித்தேன். மேலே குதிரைப் படம். கொழுத்த எழுத்து. யூலை 16 வியாழன் மாலை 5 மணிக்குக் கொடியேற்றம். தொடர்ந்து ஒன்பது நாள் நவநாள். 24 வெள்ளி மாலை வேஸ்பர் ஆராதனை. 25 சனி காலை திருநாள் திருப்பலி, திருச்சொரூப பவனி. அளவெட்டி ஏரம்பு குழுவினரின் மேளக்கச்சேரி. கண்கவர் மின்னொளி. வாணவேடிக்கை. அனைவரும் வருக. ஆண்டு போடவில்லை. "நிகழும் ஆண்டு" என்று மட்டும் இருந்தது. ஊரிக்கரையில் ஒவ்வொரு வருடமும் இதே நிகழ்ச்சி நிரல்தான், திகதியைக்கூட மாற்றுவதில்லை, கிழமையை மட்டும் மாற்றி அச்சகத்தில் கொடுப்பார்களாம்.

சுவாமி கட்டைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில் அடி, ஆனால் முன்பக்கத்துக்குக் குறுக்கே ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு போட்டுவிடு என்றார். தெளிவான உத்தரவு. நானும் ஓம் என்றேன்.

ரோணியோ மை இல்லை. விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஒரு மை செய்தேன். அதில் அடித்தபோது என் செய்திகள், யாரோ தாளுக்குப் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டது போல வந்தன. எழுபது தாள் அடித்ததும் அந்த மையும் முடிந்தது. பிறகு சிவப்புப் பேனை எடுத்துக் கோடு போடத் தொடங்கினேன். நாற்பத்து மூன்றாவது தாளில் பேனை இறந்தது. யாழ்ப்பாணத்தில் அன்றைக்கு ஒரு சிவப்புப் பேனை தேடுவதைவிட வேறு பேனையால் கோடு போட்டிருக்கலாம். அது எனக்கு இப்போது தெரிகிறது.

கோடு போட்ட நாற்பத்து மூன்றையும் எங்கள் பங்கு வீடுகளுக்குக் கொடுத்தேன். போடாததில் கொஞ்சத்தைப் பெர்னடெட் அக்கா தன் பதினொரு குடும்பத்துக்கு என்று வாங்கிக்கொண்டார். அடிக்காமல் மிஞ்சிய நூற்று முப்பது தாளை என்ன செய்தேன் என்பதை நான் அப்போது யாருக்கும் சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கச்சான் கடலை விற்கிற சின்னாச்சி, சுருள் செய்யக் கடுதாசி இல்லாமல் பூவரசம் இலையில் கச்சான் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலு தகரப் பேணி வறுத்த கச்சானுக்கு நாங்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்.

பிறகு யூலை 16 வந்தது. வியாழக்கிழமை.

பின்னேரம் நாலரை மணிக்கு நான் கோயில் மதிலில் இருந்தேன். சுவாமி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள் வாசல் படலைக்குள் வந்தது. ஓட்டியவர் வியர்த்துப்போயிருந்தார், பின்னால் மனைவி, முன்னால் ஒரு பிள்ளை. பருத்தித்துறையில் இருந்து வருகிறோம், கொடிமரம் எங்கே என்று கேட்டார். எந்தக் கொடி என்றேன். அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு கச்சான் சுருளை எடுத்தார். சுருளைப் பிரித்து, மடிப்புகளை நீவி, என் முகத்துக்கு நேரே பிடித்தார். கொழுத்த எழுத்து. கோடு இல்லை.

"சந்தியோகுமையோர் இங்கைதானே இருக்கிறார்?" என்றார் அவர் மனைவி. "நாங்கள் அவர் எங்கை எண்டே தெரியாமல் இருந்தனாங்கள். மீன் சந்தைக்கை ஒரு ஆள் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு நிண்டவர். அவற்றை கையிலை எங்கடை குதிரைப் படம்."

எங்கள் கோயிலில் இருக்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். கச்சான் எங்கே வாங்கியது என்று அந்த ஆளிடம் விசாரித்து, நல்லூரில் இறங்கி, குதிரை எங்கே என்று கேட்டார்களாம். எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன். மற்றச் சைக்கிள்கள் வந்தன. ஒரு மாட்டு வண்டிலில் இரண்டு குடும்பம் வந்தது. நடந்தும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டு, தோளைப் பிடித்துக்கொண்டு, நீ எங்கை, நீ எங்கை என்று கேட்டார்கள். இரண்டு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள். ஒரு வேலி பிரித்த பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றும், ஊரில் இருந்தபோது பத்து வருடம் கோபம் என்றும் பிறகு தெரிந்தது. என் நான்காவது செய்தியை ஒருவர்கூட வாசித்திருக்கவில்லை. சுருளாய்ப் போன தாளில் அது இல்லை. இருந்த தாளில் அது தெரியவில்லை. எனக்கு ஆசிரியன் என்ற முறையில் கொஞ்சம் மனக்கவலைதான்.

சுவாமி ஈர முகத்தோடு வந்தார். தாளை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஜெறோம், உதுக்குக் கோடு போடச் சொன்னனான் எல்லே?"

"நாற்பத்து மூண்டுக்குப் போட்டனான் சுவாமி."

"மிச்சம்?"

"பேனை முடிஞ்சுது."

"இதிலை பின்பக்கம் வெறுமை. இது கோயிலிலை குடுத்த தாள் இல்லை."

நான் சின்னாச்சியைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது சந்தியோகுமையோரின் வாள் எந்தப் பக்கம் பார்த்து ஓங்கியிருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

"எவ்வளவு கச்சான்?" என்றார் சுவாமி.

"நாலு பேணி."

அவர் தலையாட்டினார். அது மன்னிப்பா கணக்கெடுப்பா என்று தெரியவில்லை. வானத்தை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு சனம் வெளியில் கூடி நின்றால் மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் திருநாள் என்று விளங்காது. அந்தப் பயம் அவர் முகத்தில் இருந்தது. திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பினால் அவர்கள் போய்விடுவார்கள், 26இல் வண்டில் வரும், கோடு போடாதவன் நான்.

அவர் வாய் திறக்குமுன் படலையில் ஒரு வயதான மனிதர் சைக்கிளைச் சாத்தினார். நெற்றியில் திருநீறு. சைக்கிளின் பின்னால் துணி உறைக்குள் நாதசுரம். அவருக்குப் பின்னால் இன்னொரு சைக்கிளில் தவில். அளவெட்டி ஏரம்பு. அவருடைய வளவில் ஊரிக்கரைக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை கொண்டுவந்த கச்சான் சுருளில் அவர் தன் பெயரைத் தானே வாசித்திருக்கிறார். சுவாமியிடம் நேரே வந்து, வணக்கம் சொல்லி, தனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு என்று ஆரம்பித்தார். நாற்பது வருடம் வாசிக்கிறேன், வெற்றிலை வைத்து அழைக்காமல் ஒருவரும் என் பெயரை நோட்டீசில் போட்டதில்லை. பெயரைப் போட்டபடியால் வந்தேன். ஆனால் முறை அதுவல்ல.

சுவாமி நடந்ததைச் சொன்னார். இது ஐந்து வருடப் பழைய பிரசுரம், அந்தத் திருநாள் நடக்கவேயில்லை, தவறு எங்களுடையது.

ஏரம்பு கோயிலுக்குள் போய்ப் பெர்னடெட் அக்காவைத் தேடிப்பிடித்து, எண்பத்தேழில் எனக்கு வெற்றிலை வைத்தது யார் என்று கேட்டார். என்ரை தகப்பன் என்றார் அக்கா.

"அப்ப சரி," என்றார் ஏரம்பு, பின்னால் வந்த சுவாமியிடம் திரும்பி. "வெத்திலை அப்பவே வைச்சாச்சு. நான் வாறன் எண்டு சொன்னது வாசிக்காமல் கிடக்கு. எங்கை நிண்டு ஊதுறது?"

சுவாமி பெர்னடெட் அக்காவைப் பார்த்தார். அக்கா கெஞ்சவில்லை, அவருக்கு நேரம் இல்லை. கொப்பியைக் குதிரையின் முதுகில் வைத்து, பெயரைக் கேட்டுக் கேட்டு, எதிரே இடத்தை எழுதிக்கொண்டிருந்தார். பென்சில் நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினார்.

"எத்தினை குடும்பம் பிள்ளை?" என்றார் சுவாமி.

"அறுபத்து நாலு சுவாமி. இன்னும் படலையடியிலை நிக்கினம்."

சுவாமி முகத்தைத் தோள் துவாயால் துடைத்தார். "கொடி எங்கை கிடக்கு?"

கொடி பெட்டிக்குள் இருந்தது. கொடிமரம் இல்லை. மத்தியாஸ் மாஸ்டர்தான், யாரும் கேட்காமலே, கிணற்றுத் துலாவைக் காட்டினார். பங்குச்சபையின் தீர்மானம் அவர் கையெழுத்தோடு இருந்தது. ஆனால் அவர் ஒரு திருநாளைக் கண்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய மனிதர் இல்லை. துலாவின் நுனியை நிலத்துக்கு இழுத்து, கொடியைக் கட்டி, நாலு பேர் கயிற்றை விட, சந்தியோகுமையோரின் கொடி எங்கள் அறைவீட்டுக் கிணற்றுக்கு மேலே போயிற்று. ஏரம்பு ஊதினார். நிழல் உள்ள மாமரத்தின் கீழ் எல்லாரும் நெருக்கி நின்று செபம் சொல்ல வேண்டும் என்று சுவாமி கட்டளையிட்டார். பிரசங்கம் ஒன்பது நிமிடம். நான் குறித்து வைத்தேன்.

ஒன்பது நாளும் வந்தார்கள். ஒவ்வொரு நாளும் கொப்பியில் வெறுமை குறைந்தது. கோடு போட்ட தாள் கிடைத்த எங்கள் பங்கு மக்களுக்குத்தான் திருநாள் இருப்பது கடைசியாகத் தெரிந்தது. அதைப் பற்றிச் சிலர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

பிரசுரத்தில் சொன்னது எல்லாம் நடக்க வேண்டும் என்று ஊரிக்கரை ஆட்கள் பிடிவாதமாக இருந்தார்கள். கண்கவர் மின்னொளிக்கு, வெள்ளிக்கிழமை வேஸ்பர் நேரம், பதினான்கு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோக்களில் இருந்து வயர் இழுத்து, கோயிலுக்குள்ளே சொரூபத்தைச் சுற்றிப் பல்புகளைக் கட்டினோம். இளைஞர்கள் மிதித்தார்கள். மத்தியாஸ் மாஸ்டரும் ஒரு சைக்கிளில் ஏறினார். அவர் களைத்தபோதெல்லாம் குதிரையின் வால்பக்கம் இருட்டியது. வாணவேடிக்கையைச் சுவாமி நீக்கினார். அதை மேலே இருந்து ஒழுங்கு செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நாங்கள் செலவழிக்கத் தேவையில்லை என்றார். வேஸ்பர் பொழுதுபடுமுன் முடிந்தது. அந்த வேறு ஆட்களும் அன்றைக்கு வரவில்லை.

சனி காலை பவனிக்கு முன் குதிரையின் முறிந்த காலுக்குப் பனஞ்சலாகை வைத்துக் கட்டும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. தண்டனையின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். கட்டு இறுகவில்லை. சந்தியோகுமையோர் ஒழுங்கை முழுவதும் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தபடி, சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவர் போல வந்தார். அழகாக இருந்தது என்று சனம் சொன்னது.

மறுநாள், 26ஆம் திகதி, பூசை முடிந்ததும் வண்டில் வந்தது. வண்டில்காரருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கோயில் வாசலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, ஏற்ற வேண்டிய சாமான் எங்கே என்று கேட்டார். சனம் முழுவதும் மத்தியாஸ் மாஸ்டரைப் பார்த்தது. சுவாமியும் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஹார்மோனியத்தைக் காட்டினார்.

"உதைக் கொண்டுபோ. எலியோடை."

ஆகஸ்ட் இதழுக்கு ஒரு திருத்தம் எழுத வேண்டும் என்றார் சுவாமி. எழுதினேன். சென்ற இதழின் முன்பக்கத்தில் வெளியான செய்திகள் ஐந்து ஆண்டு தாமதமாக நடைபெற்றன, பின்பக்கத்தில் வெளியான நான்காவது செய்தி நடைபெறாது, தாமதத்துக்கு வருந்துகிறோம். சுவாமி வாசித்தார். வெட்டவில்லை.

அந்த வாரம் பெர்னடெட் அக்கா கொப்பியைக் காட்டினார். நூற்று ஐம்பத்தொரு குடும்பத்துக்கு எதிரே இடம் எழுதியிருந்தது. மற்றவையில் சில பெயர்களை அவர் விரலால் தடவிவிட்டுத் தாண்டினார். பிறகு, அந்தப் பிரசுரக் கட்டில் தாள் ஏதும் மிச்சம் உண்டா என்று கேட்டார். முப்பது போல இருந்தது. சின்னாச்சி பாவிக்காமல் வைத்திருந்தார். நான் போய்க் கேட்டதும், சுருளாய்ச் சுற்றி வைத்திருந்த பத்தையும் பிரித்துத் திருப்பித் தந்தார்.

அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எண்பத்தேழின் கிழமைகள் இந்த ஆண்டுக்கு எப்படிப் பொருந்தின? கலண்டர் அப்படித்தான் சுற்றி வரும் என்று விளக்கினேன். அடுத்தது எந்த ஆண்டு பொருந்தும் என்றார். விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டில் யூலை 25 மறுபடியும் சனிக்கிழமை.

அவர் தாள்களைத் தட்டி நேராக்கி, பெட்டியைத் திறந்து, கொடிக்குக் கீழே வைத்தார்.

"அப்ப ஊரிக்கரையிலை வீடு வீடாக் குடுக்கலாம்," என்றார். "நீ பின்பக்கத்திலை ஒண்டும் எழுதிப்போடாதை."